அமைதியான சனி ஞாயிறு, சேலத்துக் குளிர்: வானிலைக் கணிப்பைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் வருகிறது என்றால் மணிக்கொரு தடவை போனை எடுத்துப் பார்ப்போம். மார்கழிக் கடைசியிலோ தை நடுவிலோ வரும் சாதாரண சனி ஞாயிறுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஒரு சூரியன் படம், பக்கத்தில் 30/18 என்று இரண்டு எண்கள், அதோடு விஷயம் முடிந்தது. வானிலை அறிக்கையும் இந்த நாட்களில் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் சொல்லும்: வறண்ட வானிலை நிலவக்கூடும், அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம், குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பை ஒட்டி அல்லது சற்றுக் குறைவாக.

சிக்கல் இங்கேதான். காற்றடிக்கும் நாளில் காற்று மண்டலம் கலக்கப்பட்டு ஊரெல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிடும். காற்று நின்றுபோன நாளில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனி வானிலை. சேலமோ வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்த கிண்ணம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் ஊர். 30 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 1,500 மீட்டரில் ஏற்காடு. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் தவறாமல் இருக்குமா?

18 டிகிரி, சரி, எத்தனை மணிக்கு?

நள்ளிரவுதான் குளிரின் உச்சம், நாலு மணிக்குக் கிளம்பினால் பாதிக்குளிர் போயிருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. சூரியன் மறைந்ததிலிருந்து தரை வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். மறுநாள் வெயில் வந்து அந்த இழப்பை ஈடுகட்டும்வரை வெப்பநிலை இறங்கத்தான் செய்யும். ஜனவரி நடுவில் சேலத்தில் சூரியன் உதிப்பது சுமார் 6.40-க்கு. ஆக, மிகக் குறைந்த வெப்பநிலை 6.30-க்கும் 7-க்கும் இடையில் வரும். எட்டரைக்கு மேல் மளமளவென்று ஏறி, பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு 30-ஐத் தொடும். அதே நாளில் காலையில் ஸ்வெட்டரும் மதியம் குடையும் தேவைப்படுவது இதனால்தான். ஜனவரி நண்பகலில் இங்கே சூரியன் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். அது குளிர்கால வெயில்தான், ஆனால் சுடும்.

இரண்டாவது குழப்பம், அந்த 18 எந்த இரவுக்குரியது என்பது. வானிலைத் துறையின் கணக்கில் குறைந்தபட்சம் என்பது காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேரத்துக்கானது. சனிக்கிழமைக்குப் போட்டிருப்பது சனி விடியற்காலைக் குளிர். சில போன் செயலிகளோ சனி பகலையும் அதைத் தொடர்ந்து வரும் இரவையும் ஒரே வரியில் காட்டும். அங்கே அது ஞாயிறு விடியற்காலைக் குளிர். சனி மாலை மலையேறித் தங்கப் போகிறவர்களுக்கு வேண்டியது ஞாயிறு விடியலின் எண். செயலியில் மணிவாரிப் பட்டியலைத் திறந்து 6, 7 மணிகளைப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

மூன்றாவது, ‘உணரும் வெப்பநிலை’. குளிர்காற்றுக்கான அந்தச் சூத்திரம் 10 டிகிரிக்கும் கீழே இருந்தால்தான் பொருந்தும். சேலத்தில் 18 டிகிரி விடியலில் அது சும்மா 18 என்றே காட்டும். நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. விரலும் நெஞ்சும்தான் முதலில் விறைக்கும். கையுறை, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் மடித்த செய்தித்தாள் ஒன்று: இந்தப் பழைய வழிக்கு இன்றும் ஈடில்லை.

வீட்டு மாடியும் கார் திரையும்

“அறிக்கையில 18-னு போட்டிருக்கான், எங்க வீட்ல 15 காட்டுது” என்று படம் பிடித்து அனுப்புபவர்கள் உண்டு. இரண்டுமே சரியாக இருக்கலாம். வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்று புகும் பலகைச் சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், திறந்தவெளியில் இருக்கும். மாடித் தகரத்தின் மேல் வைத்த கருவி, வானத்தை நேராகப் பார்த்து வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வெயில் படும் சுவரில் மாட்டியது மறுபக்கம் பொய் சொல்லும். காரின் கருவி முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. வெயிலில் நின்ற கார் முதல் பத்து நிமிடம் எஞ்சின் சூட்டையும் தார் சூட்டையும்தான் காட்டும். ஓடிய பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்.

ஏற்காட்டுக்கான எண்ணில் வேறொரு கோளாறு. உலக அளவிலான கணினி மாதிரிகள் நிலத்தை 9 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரத்தைத்தான் வைத்துக்கொள்கின்றன. சேர்வராயன் அகலமான மலைத்தொடர் அல்ல. மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டால், 1,500 மீட்டர் ஊர் 900 மீட்டராகத் தேய்ந்துபோகும். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கணக்கிட்டால் 600 மீட்டருக்குச் சுமார் 4 டிகிரி தவறு. சில செயலிகள் இதைத் திருத்தித் தரும், சில தராது. கைக்கணக்கு எளிது: பகலில் சேலத்தைவிட ஏற்காட்டில் 7, 8 டிகிரி குறைவு. சேலம் 30 என்றால் மேலே 22, 23. செயலி 27 என்று காட்டினால் அது பாதி மலையின் வெப்பநிலை.

இரவில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. காற்றில்லாத தெளிந்த இரவில், கனமான குளிர்காற்று சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை, அடிவாரத் தோட்டங்கள், வாழப்பாடி ஆத்தூர்ப் பக்கத்து வயல்வெளி ஆகியவை நகர நடுவைவிட இரண்டு மூன்று டிகிரி கூடக் குளிரலாம். மலைச்சரிவின் நடுப்பகுதி அவற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதும் உண்டு. மேலே போகப் போகக் குளிர்தான் என்பது பகலுக்குச் சரி, விடியலுக்குப் பாதி சரி.

‘வறண்ட வானிலை’ என்றால் ஈரமில்லை என்று பொருளல்ல

மழை இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ராத்திரி முழுக்கத் துணியைக் கொடியில் விட்டு, விடிந்ததும் பிழிந்தவர்கள் அநேகம்.

பிற்பகலில் 30 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது செயலிகளில் ‘ட்யூ பாயின்ட்’ என்று வருவது, சுமார் 15 டிகிரி. வெப்பநிலை அதுவரை இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் நீராக ஒட்டத் தொடங்கும். அறிக்கையில் குறைந்தபட்சம் 18 என்றுதானே இருக்கிறது, பிறகு எப்படிப் பனி? அந்த 18 நாலடி உயரத்துக் காற்றுக்கு. புல்நுனி, பைக் சீட், கார்க் கண்ணாடி, தகரக் கூரை எல்லாம் அதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்திருக்கும். காற்று 18-ல் இருக்கும்போதே சீட் 15-ஐத் தொட்டு நனைந்துவிடும்.

மாலை 6 மணிக்குப் பனிநிலையைப் பார்த்து, விடியலுக்கான குறைந்தபட்சத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 4 டிகிரிக்குள் இருந்தால் நல்ல பனி விழும். 2 டிகிரிக்குள், வானம் தெளிவு, காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் குறைவு என்று மூன்றும் சேர்ந்தால் ஏரிக்கரையிலும் வயலோரச் சாலையிலும் பனிமூட்டத்தை எதிர்பார்க்கலாம். ‘லேசான பனிமூட்டம்’ என்ற சொல்லைக் கேட்டு அலட்சியம் வேண்டாம். வானிலைத் துறையின் அளவில் 500 முதல் 1,000 மீட்டர் வரை தெரிந்தால் அது லேசானது, 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்தது. ‘ஓரிரு இடங்களில்’ என்பது நிலையங்களில் கால்பங்கு வரைக்கும் பொருந்தும். உங்கள் சாலை அந்தக் கால்பங்கில் இருக்கலாம்.

பொங்கல் வந்தால் குளிர் போச்சு என்பதும் இந்தக் கணக்கில்தான் அடிபடுகிறது. டிசம்பரில் வங்கக் கடலிலிருந்து மேகம் வந்துகொண்டிருக்கும். மேகம் போர்வை மாதிரி இரவுச் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை விலகி வானம் வெளுத்த பிறகே தரை முழுதாகக் குளிரும். போதாததற்கு, ஆண்டிலேயே சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது இங்கே ஜனவரிக் கடைசியில். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னதில் வானியல் சரியாகவே இருக்கிறது.

கீழ்ப் பனிமூட்டத்தை வைத்து மேலே கணிப்பது

இந்தப் பருவத்தின் மிகப் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

சேலத்தில் காலையில் தெரியும் மூட்டமும் ஏற்காட்டில் தெரியும் மூட்டமும் ஒன்றல்ல. கீழே இருப்பது தரை குளிர்ந்ததால் உருவாவது. இரவில் பிறந்து, வெயில் ஏறியதும் எட்டரை, ஒன்பதுக்குள் கலைந்துவிடும். மேலே இருப்பது பெரும்பாலும் மேகம். ஈரமான கீழைக்காற்று மலையில் மோதி ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அது மதியமும் வரும், மாலை நாலு மணிக்கும் வரும், இரவெல்லாம் நிற்கவும் செய்யும். ஆகவே, கீழே மூட்டமாக இருக்கிறது, மேலே இன்னும் மோசமாக இருக்கும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் நல்ல காட்சியைத் தவறவிடுகிறார்கள். காற்றில்லாத விடியலில் மூட்டம் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்; ஏழு மணிக்கு ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் மேலே நீல வானம், கீழே பால் ஊற்றியது போல் சேலம். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தால் வெறும் புகைமண்டலம்தான் தெரியும். மாறாக, சேலத்தில் பளீரென்று வெயில் அடிக்கிறது என்று மதியத்துக்கு மேல் கிளம்பியவர்கள் மேல் வளைவுகளில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் தடுமாறுவார்கள்.

மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பிற்பகலில் நீங்களே கணக்கிடலாம். சேலத்தின் அப்போதைய வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழியுங்கள். வருவதை 125-ஆல் பெருக்குங்கள். சேலத்துத் தரையிலிருந்து அத்தனை மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி.

வெப்பம் 30, பனிநிலை 15: வித்தியாசம் 15, மேக அடி 1,875 மீட்டர். ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டரும் கொஞ்சமும்தான் உயரம். மேகம் ஊருக்கு மேலே; மலை தெளிவு. இன்னொரு நாள் வெப்பம் 28, பனிநிலை 20: வித்தியாசம் 8, மேக அடி 1,000 மீட்டர். இப்போது மேல் வளைவுகளும் ஏரியும் மேகத்துக்குள். இரண்டு நாளிலும் போனில் சூரியன் படம்தான் இருக்கும். மழை வாய்ப்பு 0 சதவீதம்தான் இருக்கும். சுருக்கமாக நினைவில் வைக்க: வித்தியாசம் 12-க்கு மேல் என்றால் தெளிவு, 10-க்குக் கீழே என்றால் மூட்டம், நடுவில் என்றால் இரண்டுக்கும் தயாராக இருங்கள். இது காற்று நன்றாகக் கலந்திருக்கும் மதியம் 1 முதல் 4 மணி வரைக்கான கணக்கு; விடியலில் போட்டால் தப்பாக வரும்.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில்

மூட்டத்தில் ஹைபீம் போடுவது முதல் தவறு. நீர்த்துளிகள் அந்த வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும். லோ பீம், இருந்தால் ஃபாக் லைட், அவ்வளவே. ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது இரண்டாவது. வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது. அது நின்றுவிட்ட வண்டிக்கானது.

வேகம் பற்றி ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். பனியில் நனைந்த சாலையில் நிற்க இன்னும் 12, 13 மீட்டர். மொத்தம் 30. எதிரில் வருபவருக்கும் அதே 30. ஆக 60 மீட்டர் தெரியாவிட்டால் 40-ல் போகக்கூடாது. 20 கிலோமீட்டரில் ஒருவருக்கு 12 மீட்டர் போதும். வளைவுக்கு முன் ஹார்ன், ஏறும் வண்டிக்கு வழி, இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் பிரேக் தேய்ந்த வாசனையோடுதான் அடிவாரம் சேர்வார்கள். தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

கண்ணாடி மங்கினால் கையால் துடைக்காதீர்கள். உள்பக்கம் மங்குவது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். ஏசியை ஓடவிட்டு, சூட்டைக் கூட்டி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்தால் ஒரு நிமிடத்தில் தெளியும். வைப்பர் போட்டதும் போனால் அது வெளிப்பக்கத்து ஈரம். ஏசி கண்ணாடியை அதிகம் குளிர்வித்திருக்கிறது, சூட்டைக் கூட்டினால் சரியாகும்.

மப்பு, ஊதக்காற்று

மப்பு போட்டால் ராத்திரி நடுங்கும் என்பது தலைகீழ். மேகம் மூடிய இரவு வெதுவெதுப்பு. பகல்தான் வெயில் ஏறாமல் சில்லென்று இருக்கும். ஊதக்காற்று வீசும் இரவிலும் வெப்பமானி இறங்காது, உடம்புக்கு மட்டும் குளிரும். அன்று பனி விழாது, துணியைத் தாராளமாகக் கொடியில் விடலாம்.

அமைதியான விடியலில் இன்னொரு சங்கதி: மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்திருப்பதால் குப்பை எரித்த புகையும் லாரிப் புகையும் தெருவிலேயே கிடக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஐந்து மணி நடையை எட்டு மணிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. போகியன்று சொல்லவே வேண்டாம்.

களத்தில் காய்வது, மரத்தில் பூப்பது

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இதுவே. கழுவிய பார்ச்மென்ட் காப்பி, அதாவது பழத்தோல் நீக்கி உள்தோலோடு இருக்கும் கொட்டை, சுமார் 10 சதவீத ஈரத்துக்கு வரும்வரை ஒரு வாரம், பத்து நாள் களத்தில் காயவேண்டும். மழை இல்லை என்ற கணிப்பை நம்பி இரவில் பரப்பியபடி விட்டால், பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு விடிவதற்குள் திரும்ப ஏறிவிடும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் காய்ந்த கொட்டையில் பூஞ்சை வாடை வரும். கோப்பையில் அது மறையாது.

மூடுவதிலும் தவறு நடக்கிறது. அந்தி சாய்ந்து கொட்டை குளிர்ந்த பிறகு குவிப்பது ஒன்று. சூடு இருக்கும்போதே, ஐந்து மணிக்குள், கரை கட்டியதுபோல் நீளவாட்டில் குவித்துவிடவேண்டும். அதன்மேல் நேரடியாகப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போடுவது இன்னொன்று. சூடான குவியல் விடும் ஆவி தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாகக் கோத்து மேல் அடுக்கிலேயே சொட்டும். காலையில் பாயைத் தூக்கிப் பாருங்கள், மேலே அரை அங்குலம் மட்டும் கறுத்து நனைந்திருக்கும். முதலில் சாக்கு, அதற்கு மேல் தார்ப்பாய்; சாக்கு அந்த ஆவியைக் குடித்துக்கொள்ளும். மறுநாள் வெயில் வந்ததும் பிரிக்க அவசரப்படவேண்டாம். களத்துச் சிமென்ட் தரையை உள்ளங்கையால் தொட்டு, ஜில்லென்ற ஈரம் போன பிறகு, எட்டரை ஒன்பதுக்குப் பரப்பினால் போதும். கீழே சேகோ பேக்டரிக் களத்தில் ஜவ்வரிசி காயவைப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மாந்தோப்புக்காரர்களுக்கு இந்தக் குளிர்ந்த இரவும் பனியும் பூங்கொத்தில் சாம்பல் நோயை அழைத்துவரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. பனி சொட்டும் கொத்தின்மேல் ஆறு மணிக்கே அடித்தால் மருந்து நீரோடு வழிந்து தரைக்குப் போகிறது. கொத்தை ஆட்டிப் பார்த்து, துளி விழாத பிறகு தொடங்குங்கள்.

‘அபிலியன்’ செய்தி

பூமி சூரியனைவிட்டு விலகிப் போவதால் வரலாறு காணாத குளிர் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தி இந்த வாரங்களில் தவறாமல் வரும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதே ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் இருப்பது, அதாவது அந்த ‘அபிலியன்’, ஜூலையில். அதேபோல, ஏற்காட்டில் உறைபனி என்று வரும் படங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். விடியலில் அங்கே 11 முதல் 14 டிகிரி வழக்கம். புல்தரை அதைவிட நான்கு டிகிரி இறங்கினாலும் பூஜ்ஜியம் வெகு தூரம். உறைபனி எச்சரிக்கை வருவது நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும். சமவெளிக்குக் குளிர் அலை என்று அறிவிக்க வெப்பநிலை முதலில் 10 டிகிரிக்கு வரவேண்டும், இயல்பிலிருந்து நாலரை டிகிரியாவது குறையவும் வேண்டும். சேலத்துக்கு அது எட்டாக்கனி.

மூடிய அறையில் கரி

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று மிச்சமிருக்கிறது. ஏற்காட்டில் தங்கும் இடங்களில் இரவு பார்பெக்யூ முடிந்ததும், கங்கு வீணாகிறதே என்று அந்த அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்து, கதவு சன்னலைச் சாத்திப் படுப்பது. கரி சாம்பல் பூத்து, புகையே இல்லாமல் கனலும்போதும் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டிருக்கும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்குவதைக் குளிர் அலுப்பு என்று எண்ணித் தூங்கிவிடுவார்கள். சன்னலை ஒரு சாண் திறந்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம். காற்றில்லாத இரவில் அந்தச் சன்னல் வழியே எதுவும் வெளியேறாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை. அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். படுக்குமுன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, அறைக்குள் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைவலியோடு யாராவது எழுந்தால் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து காற்றுப் பட வையுங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.